வீட்டு வைஃபை: ஃபைபர் இணைப்பு கொடுத்தவர் கிளம்பிய பிறகு செய்ய வேண்டிய வேலைகள்

புது ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவார். ஜன்னல் வழியாகக் கேபிளை உள்ளே இழுப்பார், கதவோரச் சுவரில் பெட்டியை மாட்டுவார், "வைஃபைக்கு என்ன பேர் வைக்கட்டும் சார்? பாஸ்வேர்டு உங்க மொபைல் நம்பரே போட்டுடவா?" என்று கேட்பார். மறக்காமல் இருக்கும் என்று நாமும் சரி என்போம். போனில் வீடியோ ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவர் மேல் தப்பில்லை. இணைப்பு கொடுப்பதுதான் அவர் வேலை. அந்த நெட்வொர்க்கை முழுசாக நம் கைக்குக் கொண்டுவருவது நம் வேலை. அதை யாரும் செய்து தருவதில்லை, செய்யச் சொல்லி நினைவுபடுத்துவதும் இல்லை.

"நம்ம வைஃபையில என்ன இருக்கு, பக்கத்து வீட்டுப் பையன் ரெண்டு பாட்டு கேட்டா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சம்பவம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. மின்னஞ்சல் எந்த இணைப்பில் இருந்து போனது என்று காட்டும் ஐ.பி. முகவரியைத் தொடர்ந்து போன போலீஸ், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தி மின்னஞ்சலை அனுப்பியிருந்தார்கள். அவருக்குத் தொடர்பில்லை என்பது விசாரணைக்குப் பிறகுதான் தெரியவந்தது. அடுத்த ஆண்டு தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது பற்றி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவே அனுப்ப வேண்டியிருந்தது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, முதல் கேள்வி அவருக்குத்தான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். கீழே உள்ள வரிசையிலேயே செய்தால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டி வராது.

பெட்டி எங்கே இருக்க வேண்டும்

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடம்தான் பெட்டிக்கு வசதியான இடம். ஆனால் வீட்டுக்கு அது பெரும்பாலும் மோசமான இடம். வாசலோரம் மாட்டினால் சிக்னலில் பாதி தெருவுக்குப் போகிறது, பின்பக்கப் படுக்கையறைக்கு மிச்சம்தான் வருகிறது. இணைப்பு கொடுக்க வரும்போதே, "கூடத்து நடுவுல வரைக்கும் கேபிள் விடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். கேபிளுக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கேட்டாலும் கொடுக்கலாம்.

ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில், வீட்டின் மையத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் மாட்டுங்கள். டிவிக்குப் பின்னால் வேண்டாம், ஷோகேஸ் கதவுக்குள் வேண்டாம். இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி எல்லாமே சிக்னலை விழுங்குபவை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டும் சிக்னல் இரண்டாவது சுவரில் தடுமாறும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போவது இன்னும் கடினம்.

பெட்டியை நகர்த்தும்போது ஃபைபர் வயரைச் சுருக்கென்று மடிக்கக் கூடாது. உள்ளே இருப்பது முடி போன்ற கண்ணாடி இழை. மின்சார வயரைப் போல மூலையில் அழுத்தி ஆணி அடித்தால் வெளிச்சம் கசிந்து வேகம் சரியும், அல்லது இழையே உடையும். பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று பொருள். அப்போது ரவுட்டரை (வைஃபை கொடுக்கும் பெட்டியை) எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, ஆளைத்தான் கூப்பிட வேண்டும். 'பான்' விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் லைன் சரியாக இருக்கிறது.

இடத்தை முடிவுசெய்யும் முன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டால் சிக்னல் அளவை எண்ணில் காட்டும். அது மைனஸ் எண். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும். மைனஸ் 80-க்குக் கீழே போனால் இணைப்பு வரும், போகும். சமையலறையிலும் கடைசி அறையிலும் என்ன எண் வருகிறது என்பதைப் பார்த்து பெட்டியை இரண்டடி அப்படி இப்படி நகர்த்துங்கள்.

மாடிக்கு

மாடிக்கு சிக்னல் வரவில்லை என்றதும் பலர் பிளக்கில் செருகும் ரிப்பீட்டரை வாங்குகிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். வந்த சிக்னலையே வாங்கித் திரும்ப அனுப்புவதால் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். அந்தக் காசுக்குப் படிக்கட்டு ஓரமாக ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, மேலே இன்னொரு ரவுட்டரை வைத்து, கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுப்பதை மட்டும் செய்யும் 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு அதை மாற்றிவிடுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதையே கொடுத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும். கேபிள் நூறு மீட்டர் வரை போகலாம், எந்த வீட்டுக்கும் அது போதும்.

கேபிள் முனையில் கிளிப் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே எட்டு இழைகள் இருக்கும். நான்கை மட்டும் இணைத்தாலும் இணைப்பு வரும் என்பதால் சிலர் அதோடு விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் வேகம் 100 எம்பிபிஎஸ் எல்லைக்குள் முடங்கும். 200, 300 திட்டத்துக்குப் பணம் கட்டுகிற வீட்டில், வேகச் சோதனை எப்போதும் 94-ஐ ஒட்டியே நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த கிளிப்பைத்தான். எட்டு இழைகளும் போட்டே ஆக வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மின்வெட்டுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கலாம். பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குப் பொருந்துவதாக வாங்குங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

சாவியை வாங்குதல்: அட்மின் பாஸ்வேர்டு

இனி வருவதுதான் முக்கியமான வேலை. ஒவ்வொரு ரவுட்டருக்கும் இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. இன்னொன்று ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போவதற்கு, அதுதான் அட்மின் பாஸ்வேர்டு. முதலாவதை எல்லோரும் அறிவார்கள். இரண்டாவது ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது.

வைஃபையில் இணைந்த போனிலோ கணினியிலோ பிரவுசரைத் திறந்து, மேலே 192.168.1.1 என்று அடியுங்கள். திறக்கவில்லையென்றால் 192.168.0.1. சரியான முகவரியும் முதல் பயனர்பெயர், பாஸ்வேர்டும் பெட்டியின் அடியிலோ பின்பக்கமோ ஒட்டிய தாளில் அச்சடித்திருக்கும். பல பெட்டிகளில் இரண்டுமே 'அட்மின்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்தான். அது உலகத்துக்கே தெரிந்த ரகசியம்.

அதை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு தீநிரல் (மால்வேர்) தாக்கியது. சிக்கியவை, முதலில் வந்த பாஸ்வேர்டை மாற்றாமலே ஓடிக்கொண்டிருந்த மோடம்கள். அதற்கு முந்தைய ஆண்டு 'மிராய்' என்ற தீநிரல் இதே வழியில்தான் பரவியது. அறுபதுக்கும் சற்று மேற்பட்ட பிரபலமான பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு, உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கேமராக்கள், ரவுட்டர்கள், கேமரா பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர்களுக்குள் அது நுழைந்தது. 2016 அக்டோபர் 21 அன்று அவற்றையெல்லாம் ஒரே திசையில் ஏவியதில் ட்விட்டர், நெட்ஃபிலிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின. அந்தப் படையில் தங்கள் வீட்டுப் பெட்டியும் இருந்தது அதன் சொந்தக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது.

உள்ளே போனதும் 'மேனேஜ்மென்ட்', 'சிஸ்டம் டூல்ஸ்' அல்லது 'அட்மினிஸ்ட்ரேஷன்' என்ற பகுதியில் இந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டையே இதற்கும் வைக்காதீர்கள். வைஃபை பாஸ்வேர்டு வருகிற விருந்தாளிக்கெல்லாம் போகும். இது வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். ஒரு நோட்டில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். காகிதத்தில் எழுதுவது ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். இணையத்தின் வழியாக வருகிற திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது.

அதே நோட்டில் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சில இணைப்புகளில் 'பிபிபிஓஇ' என்ற பெயரில் தனிப் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். இணைய நிறுவனத்தின் பக்கம் நம் பெட்டியை அடையாளம் காட்டுவது அதுதான். பெட்டியின் பின்னால் உள்ள ஊசித்துளை ரீசெட் பொத்தானை அழுத்தினால் இந்த விவரமும் அழிந்துவிடும், நெட் நின்றுவிடும். கையில் எழுதி வைக்காதவர்கள் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். விவரத்தைக் கேட்டு வாங்காமல் அந்தத் துளையில் ஊசியை விடாதீர்கள்.

பூட்டின் வகை

'வயர்லெஸ் செக்யூரிட்டி' பக்கத்தில் பூட்டு வகைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எதை எடுப்பது என்பதற்கு அவற்றின் வயதைப் பார்த்தாலே போதும். டபிள்யூஇபி 1997-இல் வந்தது, 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. 2003-இல் வந்த டபிள்யூபிஏ ஒரு இடைக்கால ஏற்பாடு. 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 இன்றைக்கும் பெரும்பாலான வீடுகளில் ஓடுகிறது. டபிள்யூபிஏ3 2018-இல் வந்தது. உங்கள் பெட்டியில் டபிள்யூபிஏ3 இருந்து, வீட்டுச் சாதனங்கள் எல்லாம் அதில் சேர்ந்தால் அதையே வையுங்கள். பழைய போனோ டிவியோ சேர மறுத்தால் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' கலப்பு முறை. அதுவும் இல்லையென்றால் டபிள்யூபிஏ2, கூடவே 'ஏஇஎஸ்' என்ற குறியாக்க முறை. 'டிகேஐபி' என்ற இன்னொரு முறையைத் தொடாதீர்கள். அது பழசு மட்டுமல்ல, வேகத்தையும் 54 எம்பிபிஎஸ்ஸுக்குள் கட்டிப்போடும்.

மொபைல் நம்பர் ஏன் பாஸ்வேர்டு ஆகாது

பூட்டு எவ்வளவு நல்லதானாலும் டபிள்யூபிஏ2-வில் எல்லாம் பாஸ்வேர்டில்தான் நிற்கிறது. உங்கள் போன் வைஃபையில் சேரும்போது இரண்டுக்கும் இடையே ஒரு சிறிய உரையாடல் நடக்கும். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர் அதைப் பதிவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். அதன் பிறகு அவர் உங்கள் ரவுட்டரைத் தொட வேண்டியதே இல்லை. தன் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டு அந்தப் பதிவோடு பொருத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார். தவறாகப் போட்டால் தடுக்க அங்கே யாரும் இல்லை.

இப்போது கணக்கு. இந்திய மொபைல் எண் 10 இலக்கம், தொடக்கம் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்று. மொத்தம் 400 கோடி எண்கள். பெரிய தொகைதான். ஆனால் வீடியோ கேம் ஆடுபவர்கள் வைத்திருக்கும் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் முயன்று பார்க்கும். நாட்டில் இருக்கக்கூடிய அத்தனை மொபைல் எண்களையும் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் நேரத்தில் முடித்துவிடும். பிறந்த தேதியை எட்டு இலக்கமாக வைத்தவர்கள் நிலை இன்னும் மோசம். நூறு ஆண்டுகளுக்கும் சேர்த்து 36,525 தேதிகள்தான். ஒரு நொடிகூட ஆகாது.

சரி, எதை வைப்பது? தொடர்பே இல்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். ஒரு தமிழ் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் படும் சொல்லை எடுங்கள். அகராதியே முன்வந்து கொடுத்த சொல்லாக இருக்க வேண்டும், நமக்குப் பிடித்த சொல்லாக அல்ல. தவலை, நங்கூரம், கொய்யா, வழுக்கல், பல்லாங்குழி என்பது போல வரும். இந்த உதாரணத்தையே வைத்துவிடாதீர்கள். சுமார் 5,000 சொற்களில் இருந்து நான்கை எடுத்தால் அதே கிராபிக்ஸ் கார்டுக்கு எல்லாவற்றையும் முயல ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகும். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டுகள். பழமொழியும் பாட்டு வரியும் சாமி பெயரும் வேண்டாம், அவை யாருடைய பட்டியலிலும் முதலில் ஏறுபவை. வைஃபை பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம், இடம் தாராளமாக இருக்கிறது.

இவ்வளவு நீளத்தை அம்மாவும் தாத்தாவும் எப்படி அடிப்பார்கள் என்ற கவலை நியாயமானது. அடிக்க வேண்டாம். இப்போதைய போன்களில் இணைந்திருக்கும் வைஃபையை க்யூஆர் கோடாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதை ஒரு தாளில் அச்சிட்டு வீட்டுக்குள் ஒட்டிவிடுங்கள். ஜன்னல் வழியாகத் தெரியும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

நெட்வொர்க் பெயரை என்னவாகவும் வைக்கலாம். உங்கள் பெயர், கதவு எண், பெட்டியின் மாடல் ஆகியவை அதில் இல்லாமல் இருந்தால் நல்லது.

அணைத்து வைக்க வேண்டியவை

டபிள்யூபிஎஸ்: பாஸ்வேர்டு அடிக்காமல் பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ சேரும் வசதி. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்றுதான் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழில் இருந்து கணக்கிடப்படுவது. மேலும் ரவுட்டர் முதல் நான்கைத் தனியாகவும் மீதியைத் தனியாகவும் சரிபார்த்துப் பதில் சொல்கிறது. ஆகவே 10,000-மும் 1,000-மும் சேர்த்து 11,000 முயற்சிகள் போதும். 2011 டிசம்பரில் இது வெளியானது. நீங்கள் ஐந்து சொல் பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் இந்த வழியாக வருகிறவருக்கு அது தேவையே இல்லை. அணைத்துவிடுங்கள்.

ரிமோட் மேனேஜ்மென்ட்: வெளியில் எங்கிருந்தும் ரவுட்டர் செட்டிங்ஸைத் திறக்கும் வசதி. வீட்டுக்கு இது வேண்டியதில்லை. யூபிஎன்பி: உள்ளே இருக்கும் சாதனங்கள் உங்களைக் கேட்காமல் வெளியுலகுக்கு வாசல் திறந்துகொள்ள உதவுவது. அணைத்துவிட்டு, ஏதாவது ஆன்லைன் விளையாட்டு நின்றால் மட்டும் திரும்ப யோசிக்கலாம்.

அப்படியே 'டிஎன்எஸ்' பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது அதுதான். பிரேசிலில் 2011-ஐ ஒட்டி சுமார் 45 லட்சம் மோடம்களில் திருடர்கள் இந்த ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினார்கள். மக்கள் பிரபலமான தளங்களின் பெயரைச் சரியாகத்தான் அடித்தார்கள், போய்ச் சேர்ந்தது போலிப் பக்கங்களுக்கு. 'தானாக' என்று இருந்தாலோ 8.8.8.8, 1.1.1.1 போன்ற அறிந்த எண்கள் இருந்தாலோ பிரச்சினை இல்லை. நீங்கள் போடாத, அறியாத எண் இருந்தால் இணைய நிறுவனத்திடம் கேளுங்கள்.

கெஸ்ட் நெட்வொர்க்: யாருக்கு எந்த வாசல்

அதே ரவுட்டரில் தனியாகத் திறக்கும் இன்னொரு வைஃபை இது. விருந்தாளிக்கு மட்டும்தான் என்று பெயரைப் பார்த்து நினைத்துவிடுகிறோம். என் கருத்தில் இதன் பெரிய பயன் கேமராவுக்கும் டிவிக்கும்தான். விலை மலிவான கேமரா, ஸ்மார்ட் பல்பு, டிவி பெட்டி போன்றவற்றுக்கு அப்டேட் வருவது அபூர்வம். அவற்றில் ஒன்று கெட்டுப்போனாலும், நீங்கள் வங்கி வேலை பார்க்கும் லேப்டாப் இருக்கும் நெட்வொர்க்கை அது எட்டக் கூடாது. கெஸ்ட் நெட்வொர்க்கைத் திறந்து, அதற்கும் தனிப் பாஸ்வேர்டு வைத்து, சாதனங்களை ஒன்றையொன்று எட்டவிடாத 'ஐசொலேஷன்' என்று இருந்தால் அதையும் போட்டு, இந்தச் சாதனங்களை அங்கே தள்ளிவிடுங்கள். மாடியில் குடியிருப்பவருக்கு நெட் கொடுப்பதாக இருந்தாலும் இந்த வாசல்தான்.

பல ஸ்மார்ட் பல்புகளும் கேமராக்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவருக்குப் பயப்படும். கெஸ்டை 2.4-இல் மட்டும் வைத்தால் இந்தச் சிக்கலே வராது. அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4-க்கு 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைவான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை.

சிசிடிவி பொருத்த வருகிறவர், "வெளியூர்ல இருந்து பார்க்கணும்னா போர்ட் திறக்கணும்" என்று உங்கள் ரவுட்டர் பாஸ்வேர்டைக் கேட்பார். கொடுக்காதீர்கள். போர்ட் என்பது வெளியில் இருந்து உள்ளே வர ரவுட்டரில் திறக்கும் வாசல். அப்படித் திறந்த போர்ட் வழியாகத் தேடி வருவதுதான் மிராய் வகையறா. கேமராவின் செயலி வழியாகவே பார்க்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். டிவிஆரின் முதல் பாஸ்வேர்டையும் அவர் இருக்கும்போதே நீங்கள் மாற்றுங்கள்.

வேண்டாத வேலைகள்

வைஃபை பெயரை மறைத்து வைப்பது பாதுகாப்பு இல்லை. பெயரைக் காற்றில் பிடிக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. போதாததற்கு உங்கள் போன் போகும் இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பட்டியல் போட்டு வடிகட்டுவதும் வீண். அந்த முகவரி மறைக்கப்படாமல்தான் காற்றில் போகிறது, யாரும் பார்த்து நகலெடுக்கலாம். இந்த இரண்டிலும் செலவழிக்கும் நேரத்தை ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட்டுக்குக் கொடுங்கள்.

ஏனென்றால் நல்ல பூட்டிலும் பழுது வெளிப்படும். 2017 அக்டோபரில் டபிள்யூபிஏ2-விலேயே 'கிராக்' என்று பெயரிட்ட ஓட்டையை பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்டார். அப்டேட் போட்ட சாதனங்கள் தப்பித்தன. தானியங்கி அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தீபாவளி, பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது இதையும் பாருங்கள். தயாரித்த நிறுவனம் அப்டேட் தருவதை நிறுத்திவிட்டால், பெட்டி நன்றாக ஓடினாலும் மாற்ற வேண்டிய நேரம் அது.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள்

'கனெக்டட் டிவைசஸ்' பக்கத்தைத் திறந்து வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். தெரியாத பெயர் கண்டதும் பதற வேண்டாம். இப்போதைய போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டும், அதனால் சொந்த போனே அந்நியமாகத் தெரியலாம். வீட்டிலுள்ள சாதனத்தை ஒவ்வொன்றாக வைஃபையில் இருந்து விலக்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் விலக்கிய பிறகும் ஒன்று மிச்சம் நின்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். குடியிருந்தவர் காலி செய்து போனாலும், கல்யாணம் காதுகுத்து என்று வீடு நிறைய ஆட்கள் வந்து போனாலும் கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றிவிடுவது நல்லது.

வீடு மாறும்போதோ நிறுவனம் மாறும்போதோ பழைய பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுக்காதீர்கள், பழைய பொருள் வாங்குபவரிடமும் போடாதீர்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் இணைப்பு விவரங்களும் அதற்குள் இன்னும் இருக்கின்றன. மின்சாரம் கொடுத்து, முன்பு தொட வேண்டாம் என்று சொன்ன அந்த ஊசித்துளையில் ஒரு பின்னை விட்டு, விளக்குகள் எல்லாம் ஒரு முறை அணைந்து எரியும்வரை, சுமார் 10 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, பிறகு கொடுங்கள்.